துண்டுக்கடியில் கரீம் பாயின் கை: ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு

சென்ற தை மாதம் நானும் கரீம் பாயும் ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய், நாற்பத்தொரு நாள் இருந்துவிட்டு வந்தோம். வந்த நாள் முதல் ஊரில் உள்ள தலைவலிக்காரர்கள் எல்லாரும் என்னிடம் வழி கேட்கிறார்கள். எத்தனை மணி வண்டி, குதிரை ஜட்காவுக்கு எவ்வளவு, எங்கே தங்கினாய், டாக்டர் அடிப்பாரா என்றுகூட ஒருவர் கேட்டார். எனக்கு எழுதத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். அதனால் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். என் பேச்சு அப்படியே அச்சில் ஏறாது என்று அவர் கொஞ்சம் செப்பனிட்டிருக்கிறார். மற்றவர்கள் பேசினதை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். என் பெயர் முனுசாமி. ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு, இருபது தோலை ஒரு கட்டாகக் கட்டி, செவ்வாய்க்கிழமை தோறும் ஆம்பூருக்குக் கொண்டுவருவேன். கரீம் பாய் தோல் பதனிடும் ஷாப்புக்கு அதை வாங்குகிறவர். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவது கிடையாது. இரண்டு பேரும் வலது கையை நீட்டுவோம். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். ஒரு கட்டுக்கு அடிவிலை இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு விரலைப் பிடித்தால் இருபத்தொன்று, இரண்டு விரல் என்றால் இருபத்திரண்டு, உள்ளங்கையைச் சுரண்டினால் எட்டணா குறை. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருஷமாக நானும் அவரும் இப்படித்தான் சண்டை போட்டு வருகிறோம். என் பெண்சாதியின் கையைவிட கரீம் பாயின் கை எனக்கு நன்றாகத் தெரியும். இதை வீட்டில் படித்துக் காட்ட வேண்டாம்.

இனி வியாதிக்கு வருவோம். ஷாப்பில் தோலிலிருந்து மயிர் போவதற்குச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். ஒரு நாள் காலையில் அந்தக் குழியோரம் நின்று தோலை எண்ணிக்கொண்டிருந்த கரீம் பாய், "யா அல்லா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ பின்மண்டையில் கோடாலியால் போட்டதுபோல் இருந்ததாம். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். மறுநாள் பார்த்தால் இடது கண்ணின் இமை கடை ஷட்டர் போல இறங்கிக் கிடந்தது.

எங்கள் ஊரில் கண்ணில் எது வந்தாலும் சுண்ணாம்புதான். அந்தக் குழிகளோடு பிழைக்கிறவர்களுக்கு வேறு நினைப்பு வராது. குழிக்காரர், "சுண்ணாம்பு தெறிச்சிருக்கு" என்றார். எண்ணெய்க்காரர், "வௌக்கெண்ண விடு" என்றார். நான், "தாய்ப்பாலும் விடுங்க" என்றேன். ஆறு நாள் விட்டோம். கண்ணுக்குள் ஒரு சட்டி பணியாரம் சுடலாம், அவ்வளவு எண்ணெய். இமை எழவில்லை. தலைவலி போகவில்லை. கழுத்தை வளைக்க முடியவில்லை. ஏழாம் நாள், ஆம்பூர் டிஸ்பென்சரியில் இருக்கிற கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இது என்னால ஆவாது, உடனே வேலூர் போங்க" என்றார்.

காலை ஏழு மணி வண்டி. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒன்பதணா. காட்பாடி முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேலே. மேல்பட்டி, குடியாத்தம், லத்தேரி என்று எல்லா ஸ்டேஷனிலும் வண்டி நின்று பேசிவிட்டுத்தான் போகும். கரீம் பாயைப் பலகையில் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் மடியைக் கொடுத்தேன். குடியாத்தத்தில் ஏறிய ஒருவர் உட்கார இடம் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அவர், "இன்னா உடம்பு?" என்றார். "சுண்ணாம்பு," என்றேன். காட்பாடி வரைக்கும் நின்றுகொண்டே கண்ணுக்குப் பன்னிரண்டு மருந்து சொன்னார். பதின்மூன்றாவது சொல்வதற்குள் ஊர் வந்துவிட்டது.

காட்பாடியில் இறங்கும்போது மணி ஒன்பது. அங்கிருந்து வேலூர் ஐந்து மைல். ஜட்காக்காரர் பன்னிரண்டணா கேட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டிருந்த கரீம் பாய் அப்படியே கையை நீட்டினார். ஜட்காக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா பாய், கை குடுக்குற? எறங்கும்போது குடு, போதும்."

"எட்டணா," என்று நான் வாயால் சொன்னேன். எட்டணாவுக்கே வந்தார்.

பாலாறு முழுக்க மணல். ஜட்காக்காரர் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிற பாட்டை எங்களுக்கும் பாடினார். "எங்க ஊர்ல ஆறு இருக்கும், தண்ணி இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டான். கோயில் இருக்கும், சாமி இருக்காது."

கரீம் பாய் கண்ணைத் திறக்காமலே, "ஆஸ்பத்திரி இருக்கே, டாக்டர் இருப்பாரா?" என்றார்.

இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் டாக்டர். ஒல்லி மனிதர், காதில் பென்சில். நான் முந்திக்கொண்டு, "சுண்ணாம்பு பட்டுடுச்சுங்க," என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இமையைத் தூக்கி ஒரு சின்ன மின்விளக்கைக் காட்டினார். பிறகு நல்ல கண்ணுக்குக் காட்டினார். என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்க" என்றார். நல்ல கண்ணில் கருமணி வெளிச்சம் பட்டதும் கடுகாகச் சுருங்கியது. இடது கண்ணில் மிளகு மிளகாகவே நின்றது.

"சுண்ணாம்பு பட்டா கண்ணு செவந்து எரியும்," என்றார் டாக்டர். "இது செவக்கல, எரியல. இமையைத் தூக்குற நரம்பை உள்ளேருந்து ஏதோ அழுத்துது. தலைவலி எப்படி வந்தது? மெதுவாவா, திடீர்னா?"

"கோடாலி மாதிரிங்க."

"அதை மொதல்லயே சொல்லியிருக்கணும். சுண்ணாம்பைத்தான் சொன்னீங்க."

அதற்கப்புறம் கரீம் பாயை உட்காரவே விடவில்லை. முதுகெலும்பின் அடியில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். பளிங்கு மாதிரி இருக்க வேண்டிய அந்தத் தண்ணீர், கண்ணாடிக் குழாயில் ஆவாரம்பூ நிறத்தில் நின்றது. உள்ளே ரத்தம் கசிந்து பழசாகியிருக்கிறது என்றார் டாக்டர். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஓர் இடம் மெலிந்து, கொப்புளம் போல உப்பியிருக்கிறதாம். அதுதான் நரம்பை அழுத்துகிறதாம். ஒரு தடவை கசிந்து, தானாக அடைத்துக்கொண்டது. மறுபடி உடைந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றத்தில், சாலுக்குக் கீழே தோலில் வால் இருக்கிறதே, அதில் மெலிந்த இடம் இப்படித்தான் உப்பும். உப்பின இடத்தில் ஊசியை வைத்தால் கிழிந்தே போகும். "தண்ணி வர்ற பக்கத்துல கட்டிட வேண்டியதுதாங்க," என்றேன். டாக்டர் முதல் தடவையாக என்னை மதித்துப் பார்த்தார்.

"அதேதான். கொப்புளத்தைத் தொட முடியாது. கழுத்துல இடது பக்கம் போற பெரிய குழாயைக் கட்டிட்டா, மேல அழுத்தம் கொறையும். ஆனா அந்தப் பக்கத்து மூளைக்கு வலது பக்கத்துலேருந்து ரத்தம் வந்து சேரணும். சேரலன்னா வலது கை போயிடும். பேச்சும் போகலாம்."

கரீம் பாய் அதுவரைக்கும் சும்மா படுத்திருந்தார். "வலது கையா?" என்றார். "வாணாங்க டாக்டர். ஆப்பரேஷனே வாணாம்."

"உயிர் போகும் பாய்," என்றேன்.

"போவட்டும்டா. கை போய் நான் உக்காந்திருந்தா, ஈ ஓட்டக்கூட உன்னத்தான் கூப்புடணும். பேச்சும் இல்ல, கையும் இல்லன்னா நான் எந்த வாயால உன்ன திட்டுவேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் அப்படியே கிடந்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தார்கள். கூட வந்தவர் வெளியேதான் சாப்பிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கிளப்பில் அரையணாவுக்கு இரண்டு இட்லி. சட்னி கேட்டால் கொடுப்பார்கள், இரண்டாம் தடவை கேட்டால் முறைப்பார்கள். தங்க, கால்மைல் தள்ளி ஒரு சத்திரம். படுக்கிற பாயை நாமே கொண்டுபோக வேண்டும். மூட்டைப்பூச்சி அங்கேயே கிடைக்கும். பொழுது போகாதவர்கள் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கலாம். நான் ஒரு நாள் சத்துவாச்சாரி வரைக்கும் நடந்தேன். வயலும் தென்னையும்தான். அங்கே ஒருவர் ஆட்டுத்தோல் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் ஆட்டின் மேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து, கட்டாமலே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது என்றார். கழுத்தில் குரல்வளைக்குப் பக்கத்தில், இடதுபுறம் துடிக்கிற குழாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். கட்டியதற்குச் சமம். அந்த நேரத்தில் வலது கையில் பலம் இருக்கிறதா என்று பார்ப்பார். கை தளர்ந்தால் உடனே விட்டுவிடுவார், ரத்தம் பழையபடி ஓடும். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் யார் கழுத்தையும் அழுத்திப் பார்க்க வேண்டாம். அது கற்றவர் கை.

"உங்க தோஸ்த்தோட கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க," என்று கரீம் பாயிடம் சொன்னார்.

நான் கையைக் கொடுத்தேன். கரீம் பாய் பிடித்தார். பதினெட்டு வருஷப் பழக்கம் பாருங்கள், இரண்டு பேருக்குமே கூச்சமாகிவிட்டது. துண்டில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் எப்படி இருப்பது? தோளிலிருந்த துண்டை எடுத்து மேலே போட்டேன். போட்டதுதான் தாமதம், கரீம் பாயின் விரல் ஒன்று என் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. இருபத்தொன்று என்கிறார்! நான் நாலைப் பிடித்தேன். சீ என்று தட்டிவிட்டார்.

டாக்டர் கட்டைவிரலை அழுத்தினார். நர்ஸம்மா கடியாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். கரீம் பாய் உள்ளங்கையைச் சுரண்டினார், இருபதரை. இரண்டு நிமிஷம். மறுபடி ஒரு விரல். மூன்றாம் நிமிஷத்தில் திடீரென்று என் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தார். இருபத்து நாலு. நான் கேட்டது அதுதான். கேட்ட விலையைக் கரீம் பாய் கொடுக்கிறார்!

"வுடுங்க!" என்று கத்தினேன். "வுட்டுடுங்க சாமி!"

டாக்டர் சட்டென்று விரலை எடுத்தார். "ஏன்? பிடி நல்லாத்தானே இருந்தது?"

"பிடி இருந்துச்சுங்க. வெல தப்பு."

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "பாய், உங்க பேர் சொல்லுங்க" என்றார். கரீம் பாய் வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. ஐந்தாறு மூச்சு கழித்து, "கரீம்... இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்ச தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார். நாலு விரலைப் பிடித்தது அவருக்கு நினைவே இல்லை.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் முழுதாகக் கேட்டார். ஒரு விரல் என்றால் என்ன, சுரண்டினால் என்ன, எல்லாம் சொன்னேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். கையின் பலம் போவதற்கு முன்பே கணக்கு போய்விட்டது, அதைத் துண்டுக்கு மேலே இருக்கிறவன் பார்க்க முடியாது என்றார். வெளிநாட்டில் ரத்தக்குழாயைப் படம் பிடிக்கிற வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இங்கே இன்னும் வரவில்லையாம். "அது வர்ற வரைக்கும் உங்க துண்டுதான்," என்றார்.

ஆனால் கரீம் பாய் இன்னும் கெட்டியாகிவிட்டார். "பாத்தியா? மூணு நிமிஷத்துல போச்சு. கட்டிட்டா?"

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "பெரிய வாய்க்காலை ஒரே நாள்ல அடைச்சா பயிர் காஞ்சிடும். தினம் கொஞ்ச நேரம் அடைச்சா, மத்த வாய்க்கால் கொஞ்சங்கொஞ்சமா அகலும். தினம் ரெண்டு வேளை அழுத்துவோம். அகலுதான்னு பாப்போம். அகலலன்னா நானே கட்ட மாட்டேன்."

கரீம் பாய் மேலே மின்விசிறி இல்லாத கூரையைப் பார்த்தார். நான் குனிந்து சொன்னேன்: "பாய், இருவது நிமிஷம் அழுத்தி வெச்சிக்கினு, அப்பவும் நீ என்ன ஏமாத்தி வாங்கிட்டீன்னா, ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கிறியா?"

"உன்ன ஏமாத்த இருவது நிமிஷம் இன்னாத்துக்கு?" என்றார். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை. நாலு நிமிஷம் வந்தது. ஆறு வந்தது. ஒரு நாள் ஐந்துக்கே மறுபடி விலை தப்பிப்போய், அன்றைக்கு நான் இட்லியே சாப்பிடவில்லை. மறுநாள் எட்டு. வார்டு முழுக்க விஷயம் பரவிவிட்டது. நடக்க முடிந்தவர்கள் கட்டிலைச் சுற்றி வந்து நிற்பார்கள். எதிர்க்கட்டிலில் காலொடிந்து கிடந்த வாலாஜாபேட்டைக்காரர் அங்கிருந்தே கத்துவார்.

"இன்னிக்கு எவ்ளோப்பா?"

"துண்டுக்கடியில நடக்கறத சொல்லக்கூடாது," என்பார் கரீம் பாய்.

"நானும் ஒரு கட்டு வாங்கிக்கறேன், சொல்லுப்பா!"

அழுத்த ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் மாலை, இருபது நிமிஷம் முழுதாக டாக்டர் கட்டைவிரலை எடுக்கவே இல்லை. அவருக்கே விரல் மரத்துப்போனது. அந்த இருபது நிமிஷத்தில் கரீம் பாய் என்னை இருபத்து மூன்றிலிருந்து இருபத்தொன்றுக்கு இறக்கிவிட்டார். நான் தோற்றேன். தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "தோத்தவன் அழுவுறான்," என்று வாலாஜாபேட்டைக்காரர் எல்லாருக்கும் சொன்னார்.

மறுநாள் காலை ஆப்பரேஷன். கழுத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி, ஆள் விழித்திருக்க வேண்டும். நானும் உள்ளே வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். பதினெட்டு வருஷத் தோல் நாற்றம் அன்றைக்குத்தான் போயிற்று. அங்கி, வாய்க்கட்டு எல்லாம் மாட்டினார்கள். என் துண்டைப் பார்த்து நர்ஸம்மா, "இது தீட்டுத்துணி மாதிரி இருக்கு" என்று தூர எறிந்துவிட்டு, கொதிக்கவைத்த வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்தாள்.

"இன்னாடா இது, இவ்ளோ வெள்ள?" என்றார் கரீம் பாய். "என்ன மூடறதுக்கா, கைய மூடறதுக்கா?"

"கைக்குத்தான் பாய்."

"அப்ப சரி."

ஆப்பரேஷனுக்கு முன்னால் அவர் கடைசியாகப் பேசினது அதுதான். அப்புறம் கழுத்துப் பக்கம் மறைப்புப் போட்டுவிட்டார்கள். எனக்கு அவர் முகம் தெரியவில்லை, டாக்டர் கையும் தெரியவில்லை. துணிக்கடியில் இருந்த அந்தக் கை மட்டும்தான். வியர்த்து ஈரமாக, ஷாப்பில் ஊறவைத்த தோல்போல இருந்தது. நான் இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. மறுபடி பிடித்தேன். மெதுவாக ஒரு விரல் வந்தது.

"நூல் போட்டாச்சு. இப்போ இறுக்குறேன்," என்றார் டாக்டர்.

அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. நர்ஸம்மா நிமிஷம் சொன்னாள். ஒன்று. இரண்டு. அந்தக் கையில் அசைவே இல்லை. நான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன், இருபத்தைந்து. பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்காத விலை. கோபம் வந்தாவது அசையட்டும் என்றுதான்.

"கை எப்படி?" என்றார் டாக்டர். "முனுசாமி! கை எப்படி இருக்கு?"

அப்போது என் உள்ளங்கையில் ஒரு நகம் சுரண்டியது. நன்றாக, வலிக்கிற மாதிரி. இருபதரை என்கிறார்!

"எட்டணா கொறச்சிட்டாருங்க!" என்று கத்தினேன். "நல்லா இருக்காருங்க!"

டாக்டர் இரண்டாம் முடிச்சையும் போட்டார்.

அதற்கப்புறம் இருபத்தைந்து நாள் படுக்கை. பேச்சும் போகவில்லை, படுத்தபடியே என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். இமை முதலில் ஓர் அரிசி அகலம் தூக்கியது, பிறகு ஒரு பருப்பு அகலம். திரும்பி வரும்போது பாதிக்கு மேல் திறந்திருந்தது. இனிமேல் உடையவே உடையாதா என்று டாக்டரிடம் கேட்டேன். சத்தியம் பண்ண முடியாது, ஆனால் முன்னைவிட நல்லது என்றார். பொய் சொல்லாதவர் என்பதால் நம்பினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. திடீரென்று கோடாலி போட்டதுபோல் தலைவலி வந்து, கழுத்து விறைத்தால், இமையும் விழுந்தால், எண்ணெய் விட்டுக்கொண்டு ஆறு நாள் உட்காராதீர்கள். அன்றைக்கே கிளம்புங்கள். நோயாளியை நடக்க விடாமல், குலுக்காமல், படுக்கவைத்தே கொண்டுபோங்கள். காட்பாடியில் ஜட்கா எட்டணா, அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். சத்திரத்துக்குப் பாயும் செம்பும் எடுத்துப் போங்கள். டாக்டரிடம் என்ன வியாதி என்று நாம் சொல்லக்கூடாது, என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். நான் சுண்ணாம்பு என்று சொன்னதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கூடப் போகிறவர் பணக்காரச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. நோயாளி எப்போது வழக்கமாக இருக்கிறார், எப்போது வழக்கமாக இல்லை என்று தெரிந்த ஆளாக இருந்தால் போதும்.

போன செவ்வாய்க்கிழமை கரீம் பாய் ஷாப்புக்கு வந்துவிட்டார். என்னிடம் ஆறு கட்டு, எல்லாம் முதல் தரம். துண்டைப் போட்டோம். ஒரு விரலுக்கு மேல் அந்த மனிதர் ஏறவே இல்லை. அன்றைக்குச் சந்தை விலை இருபத்து மூன்று. இருபத்தொன்றுக்கே கொடுத்துவிட்டு, வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.